பழைய சூப்பர்ஹீரோ காமிக்ஸ் வாங்கத் தொடங்குபவருக்கு: பிரதியைப் பார்க்கும் முறை

‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ தொடரின் 181ஆம் இதழை முதன்முதலாக வாங்கியபோது நான் அட்டையை மட்டுமே பார்த்தேன். 1974 நவம்பர் தேதியிட்ட அந்த இதழில்தான் பின்னாளில் புகழ்பெற்ற நாயகனான வுல்வரின் முதன்முறையாக முழுமையாகத் தோன்றுகிறான். முந்தைய இதழின் கடைசிப் பக்கத்தில் அவன் தலைகாட்டுவதோடு சரி. அட்டை பளபளப்பாக இருந்தது, மூலைகள் மடங்காமல் இருந்தன, விற்றவரும் நல்ல பிரதி என்றே சொன்னார். வீட்டுக்கு வந்து நிதானமாகப் புரட்டியபோதுதான் வாசகர் கடிதப் பக்கத்தில் ஒரு சிறு செவ்வகம் கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. மார்வெல் நிறுவனம் 1974 முதல் 1976 வரை தன் இதழ்களில் தபால்தலை போன்ற சிறு படங்களை அச்சிட்டு, அவற்றை வெட்டி ஓர் ஆல்பத்தில் ஒட்டும்படி வாசகர்களைத் தூண்டியது. யாரோ ஒரு சிறுவன் அப்படியே செய்திருக்கிறான். அவன்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் முழுமையான பிரதிக்குரிய விலையைக் கொடுத்துக் குறையுள்ள பிரதியை நான் வாங்கியிருந்தேன்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேகரித்தபின் புதியவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கதையைப் படிப்பதற்கு முன் பிரதியைப் படிக்க வேண்டும். தாள், மை, தாள்களைப் பிணைக்கும் கம்பிப் பின், மடிப்பு, ஓரம் ஆகிய ஒவ்வொன்றும் அந்தப் பிரதி எங்கே இருந்தது, யார் கையில் என்ன ஆனது என்பதைச் சொல்லும். அதைக் கேட்கத் தெரிந்தவர் ஏமாறுவது அரிது. அந்தப் பயிற்சியை எப்படிப் பெறுவது என்பதே இந்தக் கட்டுரை.

எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்தல்

சேகரிப்பாளர்கள் பழைய சூப்பர்ஹீரோ இதழ்களை மூன்று காலங்களாகப் பிரித்துப் பேசுவார்கள். 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் தோன்றியதிலிருந்து தொடங்குவது பொற்காலம். ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 27ஆம் இதழில் 1939 மே மாதம் வந்த பேட்மேனும், 1941 மார்ச் தேதியிட்ட தன் முதல் இதழிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்துவிட்ட கேப்டன் அமெரிக்காவும் இக்காலத்தவர்கள். 1956 அக்டோபரில் ‘ஷோகேஸ்’ 4ஆம் இதழில் ஃபிளாஷ் புதிய உருவில் வந்ததை வெள்ளிக்காலத்தின் தொடக்கமாகக் கொள்வர். ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ (1961 நவம்பர்), ஸ்பைடர்மேன் அறிமுகமான ‘அமேசிங் ஃபேன்டசி’ 15 (1962 ஆகஸ்ட்), ‘எக்ஸ்-மென்’, ‘அவெஞ்சர்ஸ்’ (இரண்டும் 1963 செப்டம்பர்) எல்லாம் இதற்குள் அடங்கும். 1970ஐ ஒட்டித் தொடங்கும் வெண்கலக்காலம் எண்பதுகளின் நடுப்பகுதிவரை நீள்கிறது.

புதியவர்கள் வெண்கலக்காலத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. இதழ்கள் இன்னும் ஓரளவு தாராளமாகக் கிடைக்கின்றன; தவறு செய்தாலும் இழப்பு தாங்கக்கூடியதாக இருக்கும்; மற்ற இரண்டு காலங்களின் இதழ்களைச் சோதிக்கத் தேவையான அத்தனை பயிற்சியையும் இவற்றிலேயே பெற்றுவிடலாம். ஒரு நாயகன், ஓர் ஓவியர், அல்லது ஒரு தொடரின் இருபது முப்பது இதழ்கள் என்று எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்குகிறவர் ஓராண்டுக்குள் பெட்டிகளை நிரப்பிவிடுவார், ஆனால் எதைப் பற்றியும் ஆழமாக அறிந்திருக்க மாட்டார்.

எல்லை வகுக்கும்போது எண்களில் ஒரு சிக்கல் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதிப்பாளர்கள் பழைய தொடரின் எண்ணிக்கையை நிறுத்தாமல் அதன் பெயரை மட்டும் மாற்றிவிடுவார்கள். ‘ஹல்க்’ 1962இல் தொடங்கி ஆறு இதழ்களோடு நின்றுபோய், ‘டேல்ஸ் டு ஆஸ்டானிஷ்’ தொடரின் பெயர் 1968இல் மாறியபோது 102ஆம் இதழாக மீண்டும் வந்தது. இடைப்பட்ட எண்களைத் தேடினால் கிடைக்காது, ஏனெனில் அப்படி இதழ்களே இல்லை. ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’ அதே ஆண்டில் 100ஆம் இதழிலிருந்து ‘கேப்டன் அமெரிக்கா’ ஆனது. ‘ஜர்னி இன்டு மிஸ்டரி’ 1966இல் 126ஆம் இதழிலிருந்து ‘தோர்’ ஆனது. டிசி நிறுவனம் ஃபிளாஷுக்குத் தனி இதழ் கொண்டுவந்தபோது, 1949இல் நின்ற பழைய தொடரின் எண்ணைத் தொடர்ந்து 1959இல் 105 என்றே தொடங்கியது. ‘எக்ஸ்-மென்’ தொடரில் 67 முதல் 93 வரையிலான இதழ்கள் முன்பு வந்த கதைகளின் மறுபதிப்புகள் என்பதையும் விலை கேட்பதற்கு முன் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பழையது எல்லாம் அரியது அல்ல

பொற்கால இதழ்கள் அரியவையாக இருப்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அவை 10 சென்ட் விலைக்குக் குழந்தைகளுக்கு விற்கப்பட்டவை, படித்தபின் தூக்கிப்போடப்பட்டவை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பழைய காகிதம் திரட்டப்பட்டபோது எண்ணற்ற இதழ்கள் காகிதக் கூழாயின. விற்காமல் தேங்கிய பிரதிகளின் அட்டை மேற்பகுதியைக் கடைக்காரர்கள் கிழித்து அனுப்பிப் பணத்தைத் திரும்பப் பெறும் வழக்கமும் இருந்தது. அட்டையின் மேல்மூன்றிலொரு பங்கு இல்லாத பழைய பிரதி ஒன்றைக் கண்டால் அது பெரும்பாலும் இப்படிக் கழிக்கப்பட்டதாகவே இருக்கும்.

பின்னால் வந்தவற்றின் கதை வேறு. 1991இல் வெளியான புதிய ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் ஐந்து வகை அட்டைகளில் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது. வாங்கியவர்களில் பலர் எதிர்காலச் சேமிப்பு என்று நினைத்துப் பிரிக்காமலே பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளுக்குத் தட்டுப்பாடு வர வழியில்லை. ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் ஒரு பிரதி 2024இல் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்குப் போனது என்ற செய்தியைப் படித்துவிட்டு முதலீடாக இதில் இறங்க நினைப்பவர்கள் அந்த எண்பது லட்சத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

பிரதியைச் சோதிக்கும் முறை

கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, முற்றிலும் உலர்த்திக்கொள்ளுங்கள். இதழைச் சமமான மேசையில் வைத்து, விளக்கின் ஒளி பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும்படி செய்யுங்கள். நேர்மேலிருந்து பார்க்கும்போது தெரியாத மடிப்புக்கோடுகளும் அழுத்தத் தடங்களும் சாய்வொளியில் நிழலாக எழுந்துவரும். இந்த ஒரு பழக்கமே பாதிக் குறைகளைக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் முதுகுப் பகுதி. இதழின் மடிப்பு நேராக இருக்க வேண்டும். படிக்கும்போது அட்டையைப் பின்னால் சுழற்றிப் பிடித்தவர்களின் பிரதிகளில் முதுகு ஒருபுறம் உருண்டு, பின்னட்டையின் ஒரு கீற்று முன்பக்கத்தில் தெரியும். மடிப்பின் குறுக்கே சிறு வெள்ளைக் கோடுகள் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பின்களும் துருப்பிடிக்காமல், அட்டையை விடாமல் பற்றியிருக்கின்றனவா என்று பாருங்கள். பின் புதிதாகப் பளபளத்து, தாளோ பழுப்பேறி இருந்தால் பின் மாற்றப்பட்டிருக்கிறது என்று ஐயப்படலாம். அப்படியானால் பின்னைச் சுற்றி இரண்டாவது துளையின் தடம் இருக்கும்.

அடுத்து ஓரங்கள். 1960களின் தொடக்கத்தில் வந்த மார்வெல் இதழ்கள் பலவற்றில் வலது ஓரத்தில் சிறு சில்லுகள் பெயர்ந்திருக்கும். அச்சகத்தின் வெட்டுக்கத்தி மழுங்கியிருந்ததால் வந்த குறை அது. அத்தகைய இதழில் ஓரம் கத்திமுனைபோல் சீராக இருந்தால் மகிழ்வதற்கு முன் அளந்து பாருங்கள், ஏனெனில் சேதமடைந்த ஓரத்தை மறைப்பதற்காகச் சிலர் அதை வெட்டிவிடுவதுண்டு. அதே மாதத்தில் அதே பதிப்பாளர் வெளியிட்ட வேறோர் இதழை அருகில் வைத்து ஒப்பிடுவதே எளிய சோதனை. உள்தாள்களின் ஓரங்கள் பழுப்பேறியிருக்க, வெட்டுமுகம் மட்டும் வெளுத்துத் தெரிந்தால் அண்மையில் கத்தி பட்டிருக்கிறது.

பிறகு திறந்து, தாள்களை எண்ண வேண்டும். இதைச் சோம்பலின்றிச் செய்யுங்கள். வெள்ளிக்கால, வெண்கலக்கால இதழ்களில் பெரும்பாலானவை அட்டை நீங்கலாக 32 பக்கங்கள் கொண்டவை. அதாவது எட்டுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மடித்துப் பின் அடித்திருக்கிறார்கள். ஆகவே ஒரு தாள் போனால் முன்பாதியில் இரண்டு பக்கங்களும் பின்பாதியில் இரண்டு பக்கங்களும் சேர்ந்தே போகும். நடுத்தாள் போனால் மட்டும் தொடர்ச்சியாக நான்கு பக்கங்கள் காணாமல் போகும். அது பின்னிலிருந்து கழன்று விழுவதற்கு எளிது என்பதால் அதிகம் தொலைவதும் அதுதான். விளம்பரப் பக்கங்களையும் எண்ணுங்கள். அவற்றில் இருந்த அஞ்சல்வழிச் சீட்டுகளைச் சிறுவர்கள் வெட்டியிருப்பார்கள். வெட்டிய இடத்தின் மறுபக்கத்தில் கதையின் ஒரு கட்டம் இருந்திருந்தால் அதுவும் சேர்ந்து போயிருக்கும். தொலைந்த தாளுக்குப் பதிலாக வேறொரு பிரதியின் தாளைச் செருகியிருப்பதும் உண்டு. எல்லாத் தாள்களின் பழுப்பும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது அதைக் கண்டுபிடிக்கும் வழி.

தாளின் நிறத்தைச் சேகரிப்பாளர்கள் வெள்ளை, மங்கல் வெள்ளை, பாலாடை நிறம், பழுப்பு என்று படிப்படியாகக் குறிப்பிடுவார்கள். மரக்கூழில் செய்த மலிவான செய்தித்தாள் காகிதத்தில் லிக்னின் என்ற பொருள் தங்கியிருக்கிறது. அது ஒளியும் காற்றும் பட்டு மாறி, தாளைப் பழுப்பாக்குகிறது, கூடவே அமிலமும் சேர்ந்து இழைகளைச் சிதைக்கிறது. பழுப்பு கூடிப் போன தாள் இறுதியில் நொறுங்கும். ஓரத்தை மெல்லத் தொடும்போதே துகள்கள் உதிர்ந்தால் அந்தப் பிரதியைப் படிப்பதே அதை அழிப்பதாகிவிடும் என்பதால் நான் வாங்குவதில்லை. இதழை முகர்ந்து பார்க்கவும் தயங்காதீர்கள். பழைய தாளின் மணம் இதமானது. ஈர மண்ணும் காளானும் கலந்த வாடை வந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது, அது உங்கள் மற்ற இதழ்களுக்கும் பரவக்கூடும்.

கடைசியாக, செப்பனிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். உரிந்த இடத்தில் வண்ணம் தீட்டியிருந்தால், சாய்வொளியில் அந்த இடம் மட்டும் அட்டையின் மினுமினுப்பிலிருந்து வேறுபடும்; அட்டையின் உட்புறத்தில் மை ஊறிய தடமும் தெரியலாம். கிழிசலை ஒட்டிய தாள், கூடுதலாகச் சேர்த்த தாள்துண்டு ஆகியவற்றை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் இருண்ட திட்டாகத் தெரியும். வெப்பமும் எடையும் கொண்டு மடிப்புகளைச் சமன்படுத்தும் முறையைத் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் செப்பனிடலாகக் கருதுவதில்லை. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, ஆனால் சந்தை அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

காலத்தை உறுதிசெய்தல்

அட்டையில் அச்சிட்ட மாதத்துக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்னதாகவே இதழ் கடைக்கு வந்திருக்கும். ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் ஏப்ரலிலேயே விற்பனைக்கு வந்தது. சாதாரண இதழின் விலையே ஒரு நல்ல நாட்காட்டி: 1961 வரை 10 சென்ட், 1962இலிருந்து 12, 1969இல் 15, 1971இல் 20, 1974இல் 25, 1976இல் 30, 1977இல் 35. 1976, 1977 ஆண்டுகளில் விலையை உயர்த்துவதற்கு முன் மார்வெல் சில ஊர்களில் மட்டும் கூடுதல் விலையைச் சோதித்துப் பார்த்தது. அந்தப் பிரதிகள் இன்று மிகவும் தேடப்படுகின்றன. சென்டுக்குப் பதிலாகப் பென்ஸ் விலை இருந்தால் அது பிரிட்டனுக்காக அமெரிக்காவிலேயே அச்சிடப்பட்ட பிரதி. மறுபதிப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

1954இல் அமெரிக்க செனட் குழுவின் விசாரணைக்குப் பின் பதிப்பாளர்கள் தாங்களே உருவாக்கிய தணிக்கை அமைப்பின் முத்திரை, அடுத்த பல பத்தாண்டுகள் அட்டைகளின் மேல்மூலையில் இடம்பெற்றது. 1971இல் வந்த ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 96 முதல் 98 வரையிலான இதழ்களில் மட்டும் அதைக் காணவில்லையே என்று குழம்ப வேண்டாம். போதைப்பொருளைப் பற்றிய கதை என்பதால் முத்திரை மறுக்கப்பட்டு, அது இல்லாமலே வெளியிட்டார்கள்.

மறுபதிப்பைப் பிரித்தறிவதற்கு முதற்பக்கத்தின் அடியிலோ உள்அட்டையிலோ சிறிய எழுத்தில் இருக்கும் பதிப்புக் குறிப்பைப் படியுங்கள். டிசி 1974இல் புகழ்பெற்ற முதல் இதழ்களைப் பெரிய அளவில், விளம்பரங்கள் உட்பட அப்படியே மறுபதிப்பித்தது. தடித்த வெளியட்டையை நீக்கிவிட்டால் உள்ளே இருப்பது அசலைப்போலவே தோன்றும். அளவுகோல் ஒன்று போதும்: பொற்கால அசல் ஏறக்குறைய ஏழே முக்கால் அங்குல அகலம் கொண்டது, அந்த மறுபதிப்போ சுமார் பத்து அங்குலம். 1966இல் இசைத்தட்டோடு சேர்த்து விற்ற ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ முதல் இதழின் மறுபதிப்பை, அட்டையில் விலை இல்லாததைக் கொண்டு அறியலாம்.

தரமும் விலையும்

0.5 முதல் 10 வரையிலான எண்களால் தரத்தைக் குறிப்பது வழக்கம். அவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் சொற்கள் புதியவரைக் குழப்பும். ‘குட்’ என்பது 2.0, நன்கு அடிபட்ட, ஆனால் முழுமையான பிரதி என்றே அதற்குப் பொருள். ‘வெரி குட்’ 4.0, ‘ஃபைன்’ 6.0, ‘வெரி ஃபைன்’ 8.0, ‘நியர் மின்ட்’ 9.4. விற்பவர் ‘குட்’ என்று எழுதியிருப்பதை நல்ல நிலை என்று புரிந்துகொண்டு அதிக விலை கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

2000இல் தொடங்கிய சிஜிசி போன்ற நிறுவனங்கள் பிரதியை ஆராய்ந்து, எண் வழங்கி, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்துத் தருகின்றன. நீல நிறச் சீட்டு வழக்கமான பிரதிக்கும், ஊதா செப்பனிட்ட பிரதிக்கும், பச்சை ஏதேனும் ஒரு குறிப்பிட்ட பெருங்குறையுள்ள பிரதிக்கும், மஞ்சள் சாட்சியின் முன் கையெழுத்திடப்பட்ட பிரதிக்கும் உரியவை. விலை மிகுந்த இதழுக்கு இந்தக் காப்பு தேவைதான். ஆனால் கூட்டுக்குள் இருக்கும் இதழைப் புரட்ட முடியாது என்பதால் என் சேகரிப்பில் அப்படிப்பட்டவை மிகச் சிலவே.

1970 முதல் வெளிவரும் ஓவர்ஸ்ட்ரீட் விலை வழிகாட்டியை அடிப்படை அறிவுக்கும், அண்மையில் முடிந்த ஏலங்களின் விலையை உண்மை நிலவரத்துக்கும் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலையும் உண்மையில் விற்ற விலையும் வேறு வேறு. படத்தை மட்டும் பார்த்து வாங்கும்போது மூன்று கேள்விகளைத் தவறாமல் எழுதிக் கேளுங்கள்: தாள்களை எண்ணிப் பார்த்தீர்களா, சீட்டோ தபால்தலைப் படமோ வெட்டப்பட்டிருக்கிறதா, ஓரம் வெட்டியோ வண்ணம் தீட்டியோ இருக்கிறதா? பதிலை எழுத்தில் பெறுவது, பிரதியைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால் உதவும்.

பாதுகாப்பது

பிவிசி உறைகள் ஒருபோதும் வேண்டாம். பாலிபுரொப்பிலீன் உறைகள் மலிவானவை, ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறைகள் பல பத்தாண்டுகள் தாங்கும். உள்ளே கால்சியம் கார்பனேட் கலந்த, அமிலமற்ற, இதழ் வளையாமல் தாங்கும் அட்டையை வையுங்கள். உறையின் வாயைப் பசைநாடாவால் ஒட்டினால், இதழை வெளியே எடுக்கும்போது அந்த நாடா அட்டையில் ஒட்டி வண்ணத்தை உரித்துவிடும். இதைவிட மனத்தை வருத்தும் விபத்து இப்பொழுதுபோக்கில் குறைவு. உறையின் வாய்மடிப்பை உள்ளே செருகிவிடுங்கள், அல்லது நாடாவை முழுதாக அகற்றியபிறகே இதழைத் தொடுங்கள். கிழிசல்களைப் பசைநாடாவால் ஒட்டவே கூடாது.

இதழ்களைப் பெட்டியில் நிமிர்ந்த நிலையில், சாயாத அளவுக்கு நெருக்கமாகவும் நசுங்காத அளவுக்குத் தளர்வாகவும் அடுக்குங்கள். வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியும், காற்றின் ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடுவரையும் இருப்பது நல்லது. அவை அடிக்கடி ஏறி இறங்குவதுதான் அதிகத் தீங்கு. இருளும் வறட்சியும் என்ன செய்யும் என்பதற்கு எட்கர் சர்ச் என்பவரின் சேகரிப்பே சான்று. கொலராடோவின் வறண்ட காற்றில் அவர் வீட்டில் அடுக்கியிருந்த பொற்கால இதழ்களைக் காமிக்ஸ் வணிகர் சக் ரொசான்ஸ்கி 1977இல் வாங்கியபோது, முப்பது நாற்பது ஆண்டுப் பழைமையுள்ள தாள்கள் பல இன்னும் வெள்ளையாக இருந்தன. இன்றும் ஏலங்களில் அந்தச் சேகரிப்பின் பெயர் சொன்னாலே விலை கூடுகிறது.

ஒவ்வோர் இதழுக்கும் ஒரு பதிவு எழுதுங்கள்: தொடர், எண், தேதி, வாங்கிய நாள், கொடுத்த விலை, நீங்கள் கண்ட குறைகள். எழுதியவர், வரைந்தவர் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் தாங்கள் உருவாக்கிய சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். பேட்மேனை உருவாக்கியதில் பில் ஃபிங்கருக்கு இருந்த பங்கு 2015இல்தான் முறையாக அங்கீகரிக்கப்பட்டது. இதழில் பெயர் அச்சாகாதவர்களின் பெயரை நம் பதிவேட்டிலாவது எழுதி வைப்பது அவர்களுக்கு நாம் செய்யும் சிறு மரியாதை.

இவ்வளவும் செய்தபின் இதழை எடுத்துப் படியுங்கள். மேசையில் மல்லாக்க வைத்து, அட்டையை முழுதாகத் தட்டையாக்காமல் பாதியளவே திறந்து, இடது கையால் முதுகைத் தாங்கிக்கொண்டு, பக்கத்தை மேல்மூலையில் பிடித்து மெல்லத் திருப்புங்கள். கடிதப் பக்கத்தையும் விளம்பரங்களையும் விட்டுவிடாதீர்கள். ஹல்க் இதழின் அந்த வெட்டுப்பட்ட பிரதியை நான் விற்கவில்லை. முழுமையான பிரதி பின்னர் கிடைத்து உறைக்குள் பத்திரமாக இருந்தாலும், படிக்க வேண்டும் என்று தோன்றும்போது நான் எடுப்பது பழைய பிரதியைத்தான்.